மேல் ஹோஸ் ஏன் திடீரென வெடித்தது?

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு 9 வயது, 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சென்ற வாரம் ஒரு நீண்ட ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தபோது பானெட்டுக்குள் ‘டப்’ என்று சத்தம் கேட்டு, வெண்புகை கிளம்பியது. அதுவரை டெம்பரேச்சர் முள் வழக்கம்போல் நடுவில்தான் நின்றது. சத்தத்துக்குப் பிறகு சற்று ஏறிய முள் உடனே கீழே இறங்கிவிட்டதால், ஆபத்தில்லை என்று நினைத்து 2 கி.மீ. ஓட்டிச் சென்று ஒரு பணிமனையில் நிறுத்தினேன். ரேடியேட்டரின் மேல் ஹோஸ், இன்ஜினோடு சேரும் முனைக்கு அருகே நீளவாக்கில் 3 செ.மீ. கிழிந்திருந்தது. அதை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன் பார்த்தபோது அந்த ஹோஸ் வெளியில் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. ஓராண்டாக ரிசர்வ் டேங்கில் கூலன்ட் அளவு குறைந்துவருவதால், மாதம் ஒருமுறை குழாய்த் தண்ணீர் ஊற்றிவருகிறேன். நன்றாக இருந்த ஹோஸ் இப்படி வெடிக்குமா? இன்ஜினுக்குச் சேதம் ஆகியிருக்குமா? அடுத்த வாரம் குடும்பத்துடன் 400 கி.மீ. பயணம் இருக்கிறது, போகலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஹோஸ் வெடித்த செய்தியைவிட, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்தக் குழாய்த் தண்ணீர் வரிதான். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சுற்றும் அமைப்பு மூடிய அமைப்பு. அதில் மாதந்தோறும் அளவு குறைகிறது என்றால், ஹோஸ் கிழிவதற்கு நெடுநாள் முன்பே அங்கே ஏதோ ஒரு கோளாறு தொடங்கிவிட்டது என்று பொருள். ஆகவே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, இந்த ஹோஸ் தன் பலவீனத்தால் தானே கிழிந்ததா, அல்லது வேறொன்று தந்த மிகை அழுத்தத்தால் கிழிக்கப்பட்டதா என்பதே. முதலாவது என்றால் நீங்கள் செய்த செலவோடு பெரும்பகுதி வேலை முடிந்துவிட்டது. இரண்டாவது என்றால் புதிய ஹோஸும் அதே வழியில் போகும், அல்லது அது தாங்கிக்கொண்டு ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விடும்.

இதற்கான சான்றுகளில் பாதி அந்தப் பழைய ஹோஸிலேயே இருக்கிறது. பணிமனையில் அது இன்னும் கிடந்தால் தயவுசெய்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல இடங்களில் கழற்றிய மறுநிமிடமே குப்பைக்குப் போய்விடுகிறது என்பது எனக்கு நெடுங்கால வருத்தம். ஹோஸை நீளவாக்கில் கத்தியால் பிளந்து, உட்புறத்தை வெளியே திருப்பி, வெளிச்சத்தில் பாருங்கள். குறிப்பாக இரு முனைகளிலிருந்தும் 5 செ.மீ. தூரத்துக்குள். அங்கே கிழிசலுக்கு இணையாக, நகத்தால் கீறியதுபோல் நீளவாக்கில் பல மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தால், உங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வெடிப்புகள் உருவாகும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வெளியில் புதிதுபோல் தோன்றிய ஹோஸ் எப்படிக் கிழிந்தது என்ற உங்கள் வியப்புக்கு அதில்தான் பதில் இருக்கிறது. ரேடியேட்டர் ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரால் செய்யப்பட்டு, நடுவில் நூல் பின்னல் வைத்து வலுவூட்டப்பட்டவை. ரப்பருக்கு உறுதி தரச் சேர்க்கப்படும் கரித்தூள் சிறிதளவு மின்சாரத்தைக் கடத்தும். ஒரு பக்கம் இன்ஜினின் உலோகக் குழாய், இன்னொரு பக்கம் கரித்தூள் கலந்த ரப்பர், இரண்டுக்கும் நடுவில் சூடான திரவம் என்று சேரும்போது அது ஒரு சிறு மின்கலம்போல் செயல்படத் தொடங்குகிறது. அந்த மின்வேதி வினை ரப்பரின் உட்சுவரை, உலோகத்துக்கு மிக அருகில் இருக்கும் முனைப் பகுதியில், மெல்ல அரித்து நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. வெடிப்பின் வழியே உள்ளே புகும் திரவம் நூல் பின்னலை அடைந்து அதையும் வலுவிழக்கச் செய்கிறது. இவ்வளவும் உள்ளே நடக்கும்போது வெளித்தோல் மினுமினுப்பாகவே இருக்கும். ஆண்டுக்கணக்கில் நடந்த இந்தச் சிதைவு ஒருநாள் ஏற்றத்தில் வெப்பமும் அழுத்தமும் கூடும்போது ஒரே நொடியில் கிழிசலாக வெளிப்படுகிறது. திடீரென்று நடந்தது கிழிசல் மட்டும்தான்.

வெப்பம் அதிகமாக இருக்கும் இடத்தில் இந்த வினையும் வேகமாக நடக்கும். இன்ஜினிலிருந்து சூடான கூலன்டை ரேடியேட்டருக்குக் கொண்டுசெல்வது மேல் ஹோஸ் என்பதால், கீழ் ஹோஸைவிட அதுவே முதலில் பாதிக்கப்படுவது வழக்கம். உங்கள் கிழிசல் இன்ஜின் பக்கத்து முனைக்கு அருகே, நீளவாக்கில் இருப்பது இதனோடு பொருந்துகிறது. அழுத்தம் நிறைந்த எந்தக் குழாயிலும் சுற்றளவுத் திசையில் உண்டாகும் இழுவிசை, நீளத் திசையில் உண்டாவதைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். அதனால் உள்ளழுத்தத்தால் கிழியும் ஹோஸ் நீளவாக்கில்தான் வாய்பிளக்கும். வளையம்போல் குறுக்கே அறுந்திருந்தால் நான் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பை அளவுக்கு மீறி முறுக்கிய தடத்தையோ, இன்ஜினைத் தாங்கும் மவுன்ட் தளர்ந்து இன்ஜின் ஆடுவதையோ தேடியிருப்பேன்.

மற்ற அடையாளங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொட்டால் கொழகொழவென்று உப்பியிருக்கும் ஹோஸில் எண்ணெய் பட்டிருக்கிறது; ஈபிடிஎம் ரப்பருக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் ஆகாது, எனவே ஆயில் ஒழுகும் இடத்தை அடைத்த பிறகே புது ஹோஸ் போட வேண்டும். மரக்கட்டைபோல் இறுகி, வளைத்தால் வெடிப்பு விடும் ஹோஸ் வெப்பத்தால் முதிர்ந்தது. ஓரிடத்தில் தேய்ந்து நூல் தெரிந்தால் எதனுடனோ உரசியிருக்கிறது. முனை கிழியாமல் குழாயிலிருந்து கழன்று வந்திருந்தால் கிளாம்ப்பையும் குழாயின் விளிம்பையும் பார்க்க வேண்டும்.

இனி குழாய்த் தண்ணீருக்கு வருகிறேன். கூலன்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பு வேதிப்பொருள்கள் காலத்தால் தீர்ந்துபோகக் கூடியவை. மாதந்தோறும் தண்ணீர் ஊற்ற ஊற்ற, மிச்சம் இருந்ததும் நீர்த்துப்போயிருக்கும். அதோடு குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் திரவத்தின் மின்கடத்தும் திறனைக் கூட்டும். மேலே சொன்ன சிறு மின்கலத்துக்கு இதைவிட வசதியான சூழல் அமையாது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. டேங்க் காலியாக ஓட்டுவதைவிடத் தண்ணீர் ஊற்றியது மேல்தான். ஆனால் அது ஓரிரு நாள் அவசரத்துக்கு உரியது, ஓராண்டுக்கு உரியது அல்ல.

கூலன்ட் எந்த நிலையில் இருந்தது என்பதை அறிய ஒரு மல்டிமீட்டர் போதும். பழைய திரவம் இன்னும் உள்ளே இருந்தால், இன்ஜின் முழுவதும் குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து, மீட்டரின் கருப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் சிவப்பு முனையை உலோகம் எதிலும் படாமல் திரவத்துக்குள்ளும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. 0.3 வோல்ட்டைத் தாண்டினால் கூலன்ட் கெட்டுவிட்டது, அல்லது எங்கோ எர்த் இணைப்பு சரியில்லை. எல்லா மின்சாதனங்களையும் அணைத்திருக்கும்போதும் அதே அளவு காட்டினால் குறை கூலன்டில். விளக்கு, விசிறி என்று ஒவ்வொன்றாகப் போடும்போது அளவு எகிறினால், அந்தச் சாதனத்தின் எர்த் மின்சாரம் கூலன்ட் வழியாகத் திரும்புகிறது. பின்னதைச் சரிசெய்யாமல் எத்தனை ஹோஸ் மாற்றினாலும், ரேடியேட்டரே மாற்றினாலும், அரிப்பு நிற்காது.

இதுவரை சொன்னது ஹோஸ் தானே கிழிந்தது என்ற பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆனாலும் ஓராண்டாக அந்த நீர் எங்கே போனது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஹோஸின் நுண்வெடிப்பு வழியாகக் கசிந்து, சூடான இன்ஜின் மேல் பட்டு ஆவியாகியிருக்கலாம். அப்படியானால் அந்த இடத்தில் வெள்ளையாகவோ கூலன்டின் நிறத்திலோ உப்புப் படிந்த கறை இருக்கும். வாட்டர் பம்ப்பின் சிறு கசிவுத் துளையில் அதே கறை இருந்தால் பம்ப்பின் சீல் போயிருக்கிறது. காருக்குள் இனிப்பு வாடையும் முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டமும் இருந்தால், காருக்குள் சூடு தரும் ஹீட்டர் ரேடியேட்டர் கசிகிறது. இவை எதுவும் இல்லாவிட்டால், நான் அஞ்சுவது ஹெட் கேஸ்கெட்டை, அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் அமரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகட்டை.

ஹெட் கேஸ்கெட்டில் சிறு வழி விழுந்தால் சிலிண்டருக்குள் எரியும் வாயு கூலன்ட் பாதைக்குள் பீறிடும். ரேடியேட்டர் மூடி பொதுவாக 0.9 முதல் 1.4 பார் வரையிலான அழுத்தத்தில் திறந்து மிச்சத்தை வெளியேற்றும்படி அமைக்கப்பட்டது. அந்த அளவு மூடியின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். புதிய ஹோஸ் இதைப்போல் பல மடங்கு அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் உள்ளே வாயு ஓயாமல் புகுந்துகொண்டிருக்க, மூடியின் வால்வும் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால், ஏற்கெனவே நைந்திருக்கும் ஹோஸ் தாங்காது. ஒரு முறை என்னிடம் வந்த வண்டியில் 5 மாதங்களில் மூன்று ஹோஸ்கள் மாற்றியிருந்தார்கள். மூன்றும் மட்டமான சரக்கு என்று உரிமையாளர் நம்பினார். நானும் முதல் நாள் அதையே நம்பி நான்காவதை மாட்டி அனுப்பினேன். மறுநாள் காலை அவர் வீட்டிலிருந்து பேசும்போது, “ராத்திரி முழுக்க நிறுத்தியிருந்தும் ஹோஸ் கல்லுமாதிரி இருக்கிறது, ஐயா” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நோய் வெளிப்பட்டுவிட்டது. சூட்டால் விரிந்த திரவம் குளிர்ந்தால் சுருங்கி, அழுத்தம் தானே இறங்கிவிடும். உள்ளே புகுந்த வாயு குளிர்ந்தாலும் வாயுவாகவே இருக்கும்; அழுத்தம் காலைவரை நிற்கும்.

இதே சோதனையை நீங்களும் செய்யலாம். இரவு முழுவதும் நிறுத்திவைத்த காரில், இன்ஜினைத் தொடங்கும் முன் மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். அது எளிதாக அமுங்க வேண்டும். பிறகு மூடியைத் திறக்காமலேயே இன்ஜினைத் தொடங்கி, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் கையையும் துணியையும் விலக்கிவைத்து, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அமுக்குங்கள். இன்ஜின் இன்னும் சூடேறாத அந்த நேரத்துக்குள் ஹோஸ் விறைத்துவிட்டால், அழுத்தம் வெப்பத்தால் வரவில்லை, சிலிண்டரில் எரிந்த வாயுவால் வருகிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். மெல்ல மெல்ல, சூடு ஏறுவதற்கேற்ப இறுகினால் அது இயல்பு. சந்தேகம் இருந்தால் பணிமனையில் நீலத் திரவச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் வாயில் எழும் காற்றை அந்தத் திரவத்தின் வழியே இழுக்கும்போது, எரிந்த வாயுவின் கார்பன் டை ஆக்சைடு அதில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும்.

நீங்கள் ஓட்டிய அந்த 2 கி.மீ. பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முள் இறங்கியதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டீர்கள். உண்மையில் அது மிக மோசமான அறிகுறி. வெப்பத்தை அளக்கும் சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். கூலன்ட் வெளியேறி, சென்சாரைச் சுற்றி ஆவியும் காற்றும் மட்டும் இருக்கும்போது, உலோகம் எரிந்துகொண்டிருந்தாலும் முள் குளிர்ச்சியைக் காட்டக்கூடும். மேலும், பல கார்களில் ஓரளவு வெப்ப ஏற்ற இறக்கங்களுக்கு முள் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே முன்பு அது நடுவில் நின்றதையும் முழுச் சான்றாகக் கொள்ள முடியாது. அதேபோல் வெண்புகையைப் பார்த்து இன்ஜின் முன்பே கொதித்துவிட்டது என்றும் முடிவு செய்ய வேண்டாம். தண்ணீர் 1 பார் மிகை அழுத்தத்தில் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். ஹோஸ் கிழிந்து அழுத்தம் போன கணமே அதன் கொதிநிலை 100 டிகிரிக்கு இறங்கிவிடுவதால், அதற்குமேல் சூடாக இருந்த திரவம், இன்ஜின் நல்ல நிலையில் இருந்தாலும், குபீரென்று ஆவியாகும்.

கூலன்ட் இல்லாமல் ஓடிய இன்ஜினில் முதலில் பாதிக்கப்படுவது அலுமினியத்தாலான சிலிண்டர் ஹெட். சீரற்ற வெப்பத்தில் அது வளையும். பல இன்ஜின்களில் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மி.மீ. அளவுதான். ஆனால் அதை அளக்க ஹெட்டைக் கழற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் குளிர்ந்த இன்ஜினில் கைப்பம்ப்பால் மூடியில் பொறித்த அளவுக்கு அழுத்தம் ஏற்றி, 15 நிமிடம் பம்ப்பின் அழுத்த முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெளியில் சொட்டு இல்லாமல் முள் இறங்கினால் நீர் இன்ஜினுக்குள் போகிறது. பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். மற்றவை பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவியதுபோல் வெளுத்திருந்தால், நீர் புகுவது அந்தச் சிலிண்டரில். கம்ப்ரஷன் அளவில், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தத்தில், அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் கேஸ்கெட் அவற்றுக்கு நடுவில் போயிருக்கிறது. ஆயில் மூடிக்கடியில் வெண்ணெய்போல் படிந்திருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் கார்களில் வெறும் ஈரப்பதத்தாலும் அப்படிப் படியும். டிப்ஸ்டிக்கில் ஆயிலே பால் கலந்ததுபோல் இருந்தால் விஷயம் வேறு.

இந்தச் சோதனைகள் எல்லாம் சுத்தமாக வந்தால், செய்ய வேண்டிய வேலை சிறியது. கீழ் ஹோஸும் ஹீட்டர் ஹோஸ்களும் கிழிந்ததோடு ஒரே வயதுடையவை, ஒரே திரவத்தில் ஊறியவை. அவற்றை முனைகளுக்கு அருகே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அழுத்தி, நடுப்பகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உள்ளே பள்ளம்போல் விரல் உணரும். உணர்ந்தாலும் உணராவிட்டாலும் 9 ஆண்டு ஆனவற்றை நான் மாற்றிவிடுவேன். கிளாம்ப்பைப் பொறுத்தவரை, உங்கள் காரில் ஸ்ப்ரிங் கிளாம்ப் இருந்தால் அதே வகையைப் போடுங்கள். ரப்பர் காலத்தால் சற்று அமுங்கினாலும் அது தொடர்ந்து இறுக்கிப் பிடித்திருக்கும். ரேடியேட்டர் மூடியையும் அதே அழுத்த அளவுள்ள புதியதாக மாற்றுங்கள். பழைய நீரை முழுவதும் வடித்துச் சுத்தம் செய்து, இன்ஜின் தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகைக் கூலன்டைக் கனிமம் நீக்கிய நீருடன் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யாதீர்கள். நிறத்துக்கு எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது, பொருந்தாத இரண்டு வகைகள் கலந்தால் கூழ்போல் திரளவும் கூடும். நிரப்பும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவைத்து, காற்றை வெளியேற்றும் திருகு இருந்தால் அதன் வழியே குமிழி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளே தங்கிய காற்றுப்பை மறுபடியும் இன்ஜினைச் சுட வைத்துவிடும்.

பயணத்தைப் பற்றி: இன்றே காலைச் சோதனையைத் தொடங்கி மூன்று நாள் தொடர்ந்து செய்யுங்கள். ரிசர்வ் டேங்கில் ஒட்டுத்தாளால் அளவைக் குறித்துவைத்து, ஒவ்வொரு நாளும் இன்ஜின் குளிர்ந்த நிலையில் பாருங்கள். காற்று வெளியேறுவதால் முதல் நாள் சற்று இறங்குவது இயல்பு. இரண்டாம், மூன்றாம் நாள்களில் அளவு அசையாமல் நின்று, காலையில் ஹோஸ் மென்மையாக இருந்து, 15 நிமிட அழுத்தச் சோதனையிலும் தேறிவிட்டால், குடும்பத்துடன் கிளம்புங்கள். அளவு மறுபடி குறைந்தாலோ, இரண்டே நிமிடத்தில் ஹோஸ் விறைத்தாலோ, அந்தக் காரில் போக வேண்டாம். வேறு வண்டி பாருங்கள். வழியில் மீண்டும் புகை கிளம்பினால் முள் எதைக் காட்டினாலும் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஹோஸ் அமுக்கினால் அமுங்கும் அளவுக்கு எல்லாம் குளிரும்வரை, அது ஒரு மணி நேரமே ஆனாலும், மூடியில் கை வைக்காதீர்கள்; கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த நீரையும் ஊற்றாதீர்கள், ஹெட் வெடிப்பு விடும்.